மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதுமா? சென்னை விஞ்ஞானி தியாகராஜனின் ஆய்வும் அதற்குப் பிறகு நடந்ததும்

தருமபுரி மாவட்டம் பொம்மிடியில் நல்ல மழை ஒன்று பெய்து ஒரு வாரம் போனால் போதும். வயல் வரப்பு, தோப்பு நிழல், வீட்டுப் புறக்கடை என எங்கே பார்த்தாலும் கீழாநெல்லி தலைகாட்டும். யாருக்காவது கண் மஞ்சளாகத் தெரிந்தால், "நாலு செடி பிடுங்கி அரைச்சு மோர்ல கலந்து குடு, சரியாப் போயிடும்" என்று பக்கத்து வீட்டிலிருந்தே வைத்தியம் வந்துவிடும். பொம்மிடி மட்டுமில்லை, தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் இதுதான் நிலை.

இந்த வைத்தியம் உண்மையிலேயே வேலை செய்கிறதா?

இந்தக் கேள்வியை ஆய்வகத்துக்குள் கொண்டுபோய், நோயாளிகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன். 1988-ல் அவரது குழு வெளியிட்ட முடிவு, உலகம் முழுக்க உள்ள கல்லீரல் ஆய்வாளர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத் தெரிந்துகொண்டால்தான், வீட்டில் ஒருவருக்குக் காமாலை வரும்போது சரியான முடிவு எடுக்க முடியும்.

முதலில், மஞ்சள் காமாலை என்பது நோயா?

இல்லை. அது ஒரு அறிகுறி.

நம் ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் வயதாகி உடையும்போது 'பிலிரூபின்' என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. கல்லீரல்தான் அதைப் பிரித்துப் பித்தநீரில் கலந்து வெளியே அனுப்புகிறது. கல்லீரல் பழுதானாலோ, பித்தநீர் போகும் பாதை அடைபட்டாலோ, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலோ அந்த மஞ்சள் உடம்பிலேயே தங்கிவிடும். கண்ணும் தோலும் மஞ்சளாவது அதனால்தான்.

இதற்கான காரணங்கள் பல. ஹெபடைடிஸ் ஏ, பி, சி, ஈ போன்ற வைரஸ்கள், மது, பித்தப்பைக் கல், எலிக்காய்ச்சல், சில மாத்திரைகளின் பக்கவிளைவு, கணையப் புற்றுநோய் என்று பட்டியல் நீளும். காய்ச்சலுக்குக் காரணம் பல இருப்பதைப் போலத்தான் இதுவும்.

இதில் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகப் பரவுபவை. பெரும்பாலானவர்களுக்கு இவை சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே வைரஸை விரட்டிவிடும். அந்தச் சில வாரங்களில் கீழாநெல்லி குடித்தவருக்கும் சரியாகும், குடிக்காதவருக்கும் சரியாகும். குடித்தவர் வீட்டில் அந்தப் பெயர் செடிக்குப் போய்விடும்.

ஹெபடைடிஸ் பி அப்படிப்பட்டதல்ல. தியாகராஜன் கையில் எடுத்தது அந்த வைரஸைத்தான்.

ஹெபடைடிஸ் பி ஏன் ஆபத்தானது?

இது ரத்தம், உடலுறவு, பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து குழந்தை ஆகிய வழிகளில் பரவும் வைரஸ். சரியாகச் சுத்தம் செய்யாத ஊசி, பலருக்குப் போட்ட பச்சை குத்தும் ஊசி, ஒருவர் பயன்படுத்திய சவரக் கத்தி ஆகியவற்றாலும் தொற்றலாம். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கை குலுக்குவதாலோ பரவாது.

பெரியவர்களுக்குத் தொற்றினால் 100-ல் 95 பேருக்கும் மேல் உடம்பே வைரஸை வென்றுவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் நிலைமை தலைகீழ். 100 குழந்தைகளில் 90-க்கும் மேற்பட்டவர்களுக்கு அது வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது.

அப்படித் தங்கிவிட்ட பலருக்கு 20, 30 ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் தெரியாது. கண் மஞ்சளாகாது, பசி குறையாது. உள்ளுக்குள் மட்டும் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பேறிச் சுருங்கலாம். சிலருக்கு அது கல்லீரல் புற்றுநோயில் போய் முடியும். அறிகுறி இல்லாமல் வைரஸைச் சுமப்பவர்களை மருத்துவர்கள் 'கேரியர்' என்று அழைத்தார்கள்.

உலக சுகாதார அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் உலகில் 25.4 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 2.98 கோடிப் பேர் இந்தியர்கள். அந்த ஒரே ஆண்டில் வைரஸ் ஹெபடைடிஸ் நோய்களால் உலகில் இறந்தவர்கள் சுமார் 13 லட்சம் பேர். பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் பி வைரஸ்.

யார் இந்த தியாகராஜன்?

சென்னை தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலைக் கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள நுண்ணுயிரியல் துறையில்தான் தியாகராஜன் தன் கல்லீரல் ஆய்வுகளை நடத்தினார். பின்னாளில், 2003 முதல் 2006 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

அவர் சித்த மருத்துவர் இல்லை, வைரஸ்களைப் படித்த நுண்ணுயிரியலாளர். "பாட்டி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை, "மூலிகை எல்லாம் மூடநம்பிக்கை" என்றும் ஒதுக்கவில்லை. சோதித்துப் பார்ப்போம் என்று இறங்கினார்.

1982-ல் அவரும் சக ஆய்வாளர்களும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காமாலைக்கு நம்மூரில் அதிகம் பயன்படும் இரண்டு மூலிகைகளான கீழாநெல்லியையும் கரிசலாங்கண்ணியையும் எடுத்து, அவற்றின் சாறு ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறதா என்று சோதனைக் குழாயில் பார்த்த ஆய்வு அது.

'மேற்பரப்பு ஆன்டிஜென்' எனப்படும் அந்தப் புரதம்தான் இந்தக் கதையின் மையம். வைரஸ் ஒருவர் உடம்பில் இருக்கிறதா என்பதை ரத்தத்தில் காட்டிக்கொடுக்கும் கொடி மாதிரி அது. கொடி பறந்தால் வைரஸ் உள்ளே இருக்கிறது. கொடி இறங்கினால் நோயாளி பெரும்பாலும் தப்பித்தார் என்று அர்த்தம்.

நோபல் விஞ்ஞானியின் பார்வை கீழாநெல்லி மீது விழுந்தது எப்படி?

அந்தக் கொடியை முதன்முதலில் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பெர்க். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் இருந்த வினோதமான புரதம் ஒன்று, பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு நோயாளியின் ரத்தத்தோடு வினைபுரிவதை அவரது குழு கவனித்தது. 1965-ல் அதை 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதம் என்பது பிறகுதான் தெரிந்தது.

ரத்த வங்கிகளில் இந்த வைரஸைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்தவை. 1976-ல் பிளம்பெர்க்குக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-ஆம் தேதியைத்தான் உலகம் இன்று ஹெபடைடிஸ் தினமாகக் கடைப்பிடிக்கிறது.

தடுப்பூசி வந்தாலும் ஒரு பிரச்சினை தீரவில்லை. அது தொற்று வராமல் தடுக்கும், ஏற்கெனவே வைரஸைச் சுமக்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு உதவாது. அவர்களுக்கு மலிவான மருந்து ஒன்று கிடைக்குமா என்ற தேடலில் பிளம்பெர்க்கின் பிலடெல்பியா ஆய்வகம் இந்திய மூலிகைகள் பக்கம் திரும்பியது.

1987-ல் பி.எஸ்.வெங்கடேஸ்வரன், இர்விங் மில்மன், பிளம்பெர்க் மூவரும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள உதவும் நொதியைக் கீழாநெல்லிச் சாறு தடுக்கிறது என்று ஆய்வகத்தில் தெரிந்தது. வுட்சக் என்பது அணில் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க விலங்கு. ஹெபடைடிஸ் பி-க்கு நெருங்கிய உறவான ஒரு வைரஸ் அதைத் தாக்கும். அந்த விலங்குகளிடமும் நம்பிக்கை தரும் அறிகுறிகள் தென்பட்டன.

அடுத்த படி மனிதர்கள். அதற்கு பிலடெல்பியாவும் தரமணியும் கைகோத்தன.

1988: லான்செட் கட்டுரையில் இருந்தது என்ன?

1988 அக்டோபரில், உலகின் முன்னணி மருத்துவ இதழான 'தி லான்செட்'டில் தியாகராஜனை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை வெளியானது. பிளம்பெர்க்கும் அதன் ஆசிரியர்களில் ஒருவர்.

ஆய்வு நடந்த விதம் இதுதான். ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமக்கும் கேரியர்கள் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்குக் கீழாநெல்லிப் பொடி அடைத்த 200 மில்லிகிராம் காப்ஸ்யூல், தினமும் மூன்று வேளை, 30 நாட்களுக்கு. இன்னொரு பிரிவுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. மருத்துவ ஆய்வில் இதைப் 'பிளாசிபோ' என்பார்கள்.

போலி மாத்திரை எதற்கு? மருந்தால் குணமானதையும் தானாகவே குணமானதையும் பிரித்துப் பார்க்க வேறு வழி கிடையாது. மோரில் கலந்து குடித்த பக்கத்து வீட்டுக்காரர் கதையில் இல்லாதது இந்த ஒப்பீடுதான்.

மருந்து முடிந்து 15 முதல் 20 நாட்கள் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

* கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்திருந்தது. அதாவது 59 சதவீதம்.
* போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மறைந்திருந்தது. அதாவது 4 சதவீதம்.

சிலரை 9 மாதங்கள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். மறைந்த ஆன்டிஜென் யாருக்கும் திரும்பவில்லை. பக்கவிளைவும் பெரிதாக இல்லை.

இந்த எண்கள் ஏன் பரபரப்பைக் கிளப்பின? நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ள 100 பேரை ஒரு வருஷம் கவனித்தால், அதில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் அந்த ஆன்டிஜென் தானாக மறையும். இங்கே சில வாரங்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மறைந்தது என்றால், அது மருத்துவ உலகில் யாரும் எதிர்பார்க்காத செய்தி. அதுவும் வரப்பில் இலவசமாக முளைக்கும் செடியால்.

ஆனால் அந்தக் கட்டுரையே தன்னை 'முதல்கட்ட ஆய்வு' என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டது. ஊர்ப் பேச்சில் விடுபட்டுப்போனது இந்த வார்த்தை.

மற்ற நாடுகளில் சோதித்தபோது என்ன ஆனது?

அறிவியலில் ஒரு முடிவு நிற்க வேண்டுமானால், வேறு ஊரில், வேறு ஆட்கள் செய்தாலும் அதே விடை வர வேண்டும். கீழாநெல்லிக்கு அந்தச் சோதனை சீக்கிரமே வந்தது.

1990-ல் தாய்லாந்து ஆய்வாளர்கள் அதே லான்செட் இதழில் எழுதினார்கள். அறிகுறி இல்லாத கேரியர்களிடம் கீழாநெல்லியால் மேற்பரப்பு ஆன்டிஜெனை நீக்க முடியவில்லை என்பது அவர்கள் முடிவு.

1994-ல் நியூசிலாந்திலிருந்தும் அதே செய்தி வந்தது. அதே ஆண்டில், இந்தியாவிலேயே நடந்த இரண்டு கட்டச் சோதனையின் முடிவும் வெளியானது. அதிலும் ஆன்டிஜென் மறையவில்லை.

இதற்கிடையே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வாத்துகளைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வகை வைரஸ் மீது கீழாநெல்லியைச் சோதித்தார்கள். வைரஸ் பெருகுவதை அது குறிப்பிடும்படி தடுக்கவில்லை. 1990-ல் வெளியான அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் தியாகராஜன் பெயரும் இருக்கிறது. தன் முந்தைய முடிவுக்குச் சாதகமில்லாத ஆய்விலும் அவர் பங்கேற்றிருக்கிறார்.

முடிவுகள் ஏன் இவ்வளவு மாறின?

இதற்கு ஆய்வாளர்கள் முன்வைக்கும் காரணங்கள் சில உண்டு.

முதல் காரணம், ஆய்வின் அளவு. 37 பேர், 23 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. சிறிய ஆய்வில் தற்செயல் பெரிய வேலை செய்துவிடலாம். அதனால்தான் முதலில் வரும் அற்புதமான முடிவுகள், பெரிய ஆய்வுகளில் சுருங்கிவிடுவது மருத்துவத்தில் அடிக்கடி நடக்கிறது.

இரண்டாவது, நோயாளிகள். சமீபத்தில் தொற்றியவருக்கு வைரஸ் தானாகப் போக வாய்ப்பு அதிகம். பிறந்ததிலிருந்து சுமப்பவருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. எந்த நாட்டு ஆய்வில் எந்த வகை நோயாளிகள் அதிகம் இருந்தார்கள் என்பது முடிவை மாற்றிவிடும்.

மூன்றாவது, செடி. கேட்க எளிதாகத் தெரிந்தாலும் இது ரொம்பச் சிக்கலானது. நம்மூர் கீழாநெல்லியைப் பல பழைய புத்தகங்கள் 'பில்லாந்தஸ் நிரூரி' என்று எழுதின. தாவரவியலாளர்கள் ஆராய்ந்தபோது, அது அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த வேறு செடியின் பெயர் என்றும், இங்கே பரவலாக வளர்வது 'பில்லாந்தஸ் அமாரஸ்' என்றும் தெளிவானது. தியாகராஜனின் 1982 கட்டுரையில் ஒரு பெயரும் 1988 கட்டுரையில் இன்னொரு பெயரும் இருப்பது இந்தக் குழப்பத்தின் அடையாளம்தான்.

பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் உறவுக்காரச் செடிகள் பல உண்டு. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், தென்னிந்தியாவில் 25 கடைகளில் விற்ற கீழாநெல்லிச் சரக்கை மரபணு முறையில் பரிசோதித்தார்கள். 76 சதவீத மாதிரிகளில் இருந்தது சரியான செடி. மீதி 24 சதவீதத்தில் வேறு ஐந்து வகைச் செடிகள் இருந்தன. அப்படியென்றால் நாலு பொட்டலம் வாங்கினால் அதில் ஒன்று வேறு செடியாக இருக்க வாய்ப்புண்டு.

மண், பறிக்கும் பருவம், காயவைக்கும் முறை ஆகியவற்றாலும் செடியில் உள்ள மருந்துப் பொருளின் அளவு மாறும். ஒரு ஆலை மாத்திரையில் 500 மில்லிகிராம் என்றால் எல்லா மாத்திரையிலும் 500 தான். வரப்புச் செடிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

ஆய்வகத்தில் கிடைத்த விடை என்ன?

தியாகராஜன் ஆய்வை விட்டுவிடவில்லை. 1996, 1997-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார். செல்களுக்குள் வைரஸின் மரபணுச் செய்தி நகலெடுக்கப்படுவதைக் கீழாநெல்லிச் சாறு குறைக்கிறது, வைரஸின் மரபணுவைத் தூண்டிவிடும் பகுதியில் அது குறுக்கிடுகிறது என்று அவை காட்டின. செடியில் வைரஸுக்கு எதிராக ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்கு இது ஆதாரம்.

ஆனால் கண்ணாடித் தட்டில் நடப்பதும் மனித உடம்பில் நடப்பதும் ஒன்றல்ல. வாய் வழியாகச் சாப்பிடும் மருந்து, செரிமானத்தைத் தாண்டி, தேவையான அளவில் கல்லீரலுக்குப் போய்ச் சேர வேண்டும். தட்டில் வென்று உடம்பில் தோற்ற மருந்துகள் ஏராளம்.

2002-ல் இந்தியாவில் கல்லீரல் நோய்களுக்குப் பயன்படும் மூலிகைகள் பற்றி அவரது குழு ஒரு விரிவான கட்டுரை எழுதியது. 2005-ல் தமிழ்நாட்டு மக்களிடையே ஹெபடைடிஸ் பி எந்த அளவு இருக்கிறது, எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்த கள ஆய்விலும் அவர் பங்கு உண்டு.

இன்றைய நிலையில் இறுதித் தீர்ப்பு என்ன?

உலகெங்கும் நடந்த சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து அலசிப் பார்க்கும் அமைப்பு காக்ரேன். கீழாநெல்லி வகைச் செடிகளை நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்குக் கொடுத்த 16 சோதனைகளை, மொத்தம் 1,326 நோயாளிகளின் விவரங்களோடு, 2011-ல் அது ஆராய்ந்தது.

போலி மாத்திரையோடு ஒப்பிட்டால் கீழாநெல்லி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்பது முடிவு. வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுத்த சில சோதனைகளில் கூடுதல் பலன் தெரிந்தது. ஆனால் அந்தச் சோதனைகள் நடத்தப்பட்ட விதத்தில் குறைகள் இருந்ததால், அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் அது குறிப்பிட்டது.

சுருக்கமாகச் சொன்னால், கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-யைக் குணப்படுத்தும் என்பது நிரூபிக்கப்படவில்லை. உலக சுகாதார அமைப்பின் சிகிச்சை வழிகாட்டுதலிலும் அது இடம்பெறவில்லை.

அப்போ ஹெபடைடிஸ் பி-க்கு மருந்தே இல்லையா?

இருக்கிறது. டெனோஃபோவிர், என்டெகாவிர் என்ற மாத்திரைகள் வைரஸ் பெருகுவதை அடக்கி வைக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு வைரஸை முழுவதுமாக அவை வெளியேற்றுவதில்லை. ஆனால் கல்லீரல் சுருங்குவதையும் புற்றுநோய் வரும் ஆபத்தையும் நன்றாகக் குறைக்கின்றன. சர்க்கரை, பிரஷர் மாத்திரை மாதிரி நீண்ட காலம் சாப்பிட வேண்டியிருக்கும். டாக்டரைக் கேட்காமல் பாதியில் நிறுத்தினால் வைரஸ் திடீரென்று பெருகிக் கல்லீரலைத் தாக்கலாம்.

தொற்று உள்ள எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. ரத்தத்தில் வைரஸின் அளவு, கல்லீரலின் நிலை இரண்டையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

2018 ஜூலை 28-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பொம்மிடியில் இருப்பவர்களுக்கு ஒரு பக்கம் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், இன்னொரு பக்கம் ரயிலில் போகிற தூரத்தில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. இந்தத் திட்டம் பற்றி அங்கே விசாரிக்கலாம்.

தடுப்பூசி எவ்வளவு முக்கியம்?

மருந்து தேடிய இத்தனை ஆண்டுக் கதையில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஜெயித்தது தடுப்பூசிதான்.

தைவான் 1984-ல் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 1997-ல் ஆய்வு வெளியானது. ஒரு தடுப்பூசி புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு உலகம் பார்த்த முதல் சாட்சி அது.

இந்தியாவில் அதே 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே தயாரித்த தடுப்பூசியைக் கொண்டுவந்த பிறகு, அதுவரை எட்டாத உயரத்தில் இருந்த விலை இறங்கியது. 2002-ல் சோதனை முறையில் சில இடங்களில் தொடங்கி, 2011-க்குள் நாடு முழுவதும் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது சேர்க்கப்பட்டது.

குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. அதன் பிறகு 6, 10, 14-ஆவது வாரங்களில் 'பென்டாவேலன்ட்' ஊசியோடு சேர்ந்தே போய்விடும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம்.

அந்த முதல் 24 மணி நேரத்தைத் தவறவிடக் கூடாது. தாய்க்குத் தொற்று இருந்தால், குழந்தைக்கு வாழ்நாள் நோய் வராமல் தடுக்க அதுதான் முக்கியமான நேரம். கர்ப்பிணிகள் ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி-யும் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கீழாநெல்லி குடிக்கலாமா, கூடாதா?

1988 ஆய்வில் 30 நாட்கள் சாப்பிட்டவர்களுக்குப் பெரிய பக்கவிளைவு தெரியவில்லை. செடியே விஷம் என்று யாரும் சொல்லவில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. செடியை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் அந்த ஆபத்து.

பித்தப்பைக் கல்லால் வந்த காமாலைக்கு எத்தனை நாள் மோர் குடித்தாலும் கல் நகராது. எலிக்காய்ச்சலால் வந்தது என்றால் உடனே சிகிச்சை வேண்டும். ஹெபடைடிஸ் பி என்றால் கண்ணில் மஞ்சள் மறைந்த பிறகும் வைரஸ் உள்ளே தங்கியிருக்கலாம். "மஞ்சள் போயிடுச்சு, நோய் போயிடுச்சு" என்று நினைத்து விட்டுவிடுபவர், பல ஆண்டுகள் கழித்துச் சுருங்கிய கல்லீரலோடு மருத்துவமனைக்கு வர நேரிடலாம்.

இன்னொன்று, பழுதான கல்லீரல் எந்தப் பொருளையும் சமாளிக்கத் திணறும். கடையில் கிடைக்கும் பெயர் தெரியாத லேகியம், பல மூலிகை கலந்த பொடி, டாக்டரைக் கேட்காமல் வாங்கும் காய்ச்சல் மாத்திரை எல்லாமே அந்த நேரத்தில் கூடுதல் சுமை. மது அறவே கூடாது.

காமாலை தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்?

* கண் மஞ்சளாகவோ, சிறுநீர் கடும் மஞ்சளாகவோ தெரிந்தால் முதலில் கல்லீரல் ரத்தப் பரிசோதனை. கூடவே ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள்.
* மூலிகை ஏதாவது சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அது குற்றம் இல்லை, சிகிச்சைக்குத் தேவையான தகவல்.
* தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், ரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது, வயிறு வீங்குவது, நிற்காத வாந்தி இதில் எது இருந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். நேராகப் பெரிய மருத்துவமனை.
* கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் வீட்டு வைத்தியமே வேண்டாம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைடிஸ் ஈ வந்தால் 100-ல் 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்கும் அபாயம் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது.
* பச்சிளம் குழந்தைக்கு மஞ்சள் தெரிந்தால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். சாறு எதுவும் புகட்டக் கூடாது.
* வீட்டில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி உறுதியானால், மற்ற எல்லோரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். பெரியவர்களுக்கும் அது உண்டு.

தியாகராஜனின் ஆய்வால் கிடைத்தது என்ன?

அவரது 1988 முடிவு மற்ற நாடுகளில் நிலைக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுரை வந்ததால்தான் பாங்காக்கிலும் மெல்போர்னிலும் நியூசிலாந்திலும் ஆய்வாளர்கள் இந்தச் செடியைக் கையில் எடுத்தார்கள். அதுவரை "எங்க தாத்தா காலத்துல இருந்து" என்ற ஒற்றை வரியில் நின்ற கீழாநெல்லி, எண்களோடு விவாதிக்கப்படும் பொருளாக மாறியது. எந்தச் செடி, எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள், எதோடு ஒப்பிட்டு என்ற கேள்விகளை இன்று எந்த மூலிகை மருந்து விளம்பரத்தைப் பார்த்தாலும் கேட்கலாம்.

"காமாலை கேரண்டியா குணமாகும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால், அதே கேள்விகளை அதனிடமும் கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால், அதை அடுத்த குரூப்புக்கு அனுப்பும் முன் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு ஆளை அனுப்புங்கள்.